எண்ணிப் பார்த்தவர்

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவரை விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த டாக்டர் பார்த்தார்?" என்பதுதான். டாக்டரின் பெயர், அவர் படித்த படிப்பு, சீமைக்குப் போய் வந்தவரா என்ற விவரம், அவர் வாங்கும் பீஸ் எல்லாம் காபி ஆறுவதற்குள் அலசப்பட்டுவிடும். "எந்த நர்ஸ் பார்த்தார்?" என்று கேட்டவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. நர்ஸுக்குப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது நம்மவர்களின் துணிபு போலும். பெண்ணாயிருந்தால் "சிஸ்டர்", ஆணாயிருந்தால் "பிரதர்", அதோடு சரி.

நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைக்கத் தொடங்கியவர்கள். ஆகையால் இதையும் ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1440 நிமிஷங்கள். பெரிய டாக்டர் பரிவாரத்துடன் காலையில் வந்து கட்டிலருகே ஐந்து நிமிஷம் நிற்கிறார். மாலையில் இன்னும் ஐந்து நிமிஷம். தாராளமாகவே கணக்கிட்டிருக்கிறோம். மிச்சமுள்ள 1430 நிமிஷங்களுக்கு நோயாளி யார் பொறுப்பில் இருக்கிறார்? நோயோ டாக்டர் வரும் வேளை பார்த்து முற்றுவதில்லை. அது முற்றும் வேளையில் அருகில் இருப்பவர் நர்ஸ். முற்றுகிறது என்று அவருக்குத் தெரிந்தால்தான் டாக்டருக்குத் தெரியும். தெரியாவிட்டால், டாக்டரின் படிப்பெல்லாம் காலை எட்டு மணி வரையில் தூங்கிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

நர்ஸுகளை நாம் புகழாமல் இல்லை. கருணை, பொறுமை, சேவை, தாயன்பு என்று அகராதியிலுள்ள நல்ல சொற்களையெல்லாம் வாரி வழங்குகிறோம். அந்தப் பட்டியலில் ஒரு சொல் மட்டும் வருவதில்லை, அது "அறிவு". உபாத்தியாயர்களுக்கும் இதே கதிதான் என்பதால் இது நமக்கு உடனே கண்ணில் படுகிறது. "எவ்வளவு பொறுமை ஸார் உங்களுக்கு!" என்பார்கள், ஒரு பிள்ளைக்குப் பின்னம் ஏன் புரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு மூளையும் வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ஆம் வருஷத்தில் கிரிமியா யுத்தத்தின்போது ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்குப் போய், இரவில் விளக்கேந்தி வார்டுகளைச் சுற்றி வந்தவர் என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த விளக்கு எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. விளக்கை எதற்காக எடுத்துப் போனார்? பார்ப்பதற்காக! பார்த்ததை அவர் எழுதி வைத்தார், எண்ணினார், காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட வியாதியால் இறந்தவர்களே அதிகம் என்பதைப் படம் வரைந்து மந்திரிகளுக்குக் காட்டினார். லண்டன் புள்ளிவிவரச் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் உறுப்பினர் அவரே. 1859-இல் அவர் வெளியிட்ட நர்ஸிங் பற்றிய சிறு நூலில், நோயாளியைக் கவனித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கே தனி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அடுத்த வருஷம் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கென்று பள்ளிக்கூடம் ஏற்பட்டதும் அவர் முயற்சியால்தான். கருணைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. பார்க்கக் கற்பதற்குத் தேவை.

பார்ப்பது என்றால் என்ன என்பதை நாம் இரண்டு கட்டில்களின் அருகே இருந்து தெரிந்துகொண்டோம். ஒரு கட்டிலில் இருந்தவர் எழுபத்தாறு வயதுக் கிழவர். மற்றதில் இருந்தது ஐந்து மாதக் குழந்தை.

கிழவர் நம் தகப்பனார். 2018-ஆம் வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நம் ஜில்லாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் தலைமைக் குமாஸ்தாவாயிருந்தவர். கட்டிலில் இருந்தபடியே வார்டின் கணக்கு வழக்குகளைச் சரிபார்க்கும் சுபாவமுடையவர். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, "அண்ணா எங்கே? அண்ணாவைக் கூப்பிடு" என்றார். அவருடைய அண்ணா காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. போர்வையின் ஓரத்தை விரல்களால் பிய்த்துக் கொண்டிருந்தார். துணைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "வயசாயிற்று, மருந்து மயக்கம். தூங்கினால் சரியாகிவிடும்" என்றார். நெற்றியைத் தொட்டால் சூடில்லை. தர்மாமீட்டரும் 98.4 என்றே காட்டியது.

அன்றிரவு அந்த வார்டில் 28 கட்டில்கள், நர்ஸுகள் இருவர். அவர்களில் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம், மருந்துத் தட்டுடன் வந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஸார், நேற்று ராத்திரியும் அப்பா இப்படித்தான் பேசினாரா?"

"இல்லை, சிஸ்டர். நேற்று உங்கள் சம்பளக் கமிஷனைப் பற்றிப் பேசினார்."

அந்த அம்மாள் சிரித்தார். ஆனால் கை ஓயவில்லை. தகப்பனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பவர் போல நின்றார். கண் மட்டும் கைக்கடிகாரத்துக்கும் மார்புக்குமாகப் போய் வந்து கொண்டிருந்தது. முழுசாக ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடியைப் பிடித்தபடி மூச்சை எண்ணுவார்கள் என்பதைப் பின்னால் அறிந்தோம். சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தார். விரல் நுனியில் ஆக்ஸிஜன் கருவியை மாட்டினார். "தாத்தா, இது எந்த ஊர்? என்ன மாசம்?" என்று கேட்டார். தகப்பனார், "அண்ணாவைக் கேள்" என்றார்.

டியூட்டி டாக்டரை டெலிபோனில் கூப்பிட்டார். அவர் சின்ன வயது டாக்டர். முந்தின நாள் காலையிலிருந்து நின்ற காலோடு இருப்பவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. "வயதானவர்கள் ராத்திரியில் பிதற்றுவது சகஜந்தானே, சிஸ்டர்? தூக்க மாத்திரை கொடுங்கள்" என்றார் போலிருக்கிறது. நர்ஸம்மா குரலை உயர்த்தவில்லை. "டாக்டர், பதினேழாம் நம்பர் கட்டில். இடுப்பெலும்பு ஆபரேஷனாகி மூன்றாம் நாள். நேற்று வரை தெளிவாயிருந்தவருக்கு இன்று ஊர் தெரியவில்லை. மூச்சு 26, நாடி 112, ஆக்ஸிஜன் 91. ஜுரம் இல்லை. சிறுநீர் குறைந்திருக்கிறது. நெஞ்சில் கிருமி தொற்றியிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தூக்க மாத்திரை கொடுப்பதற்குமுன் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்றார்.

டாக்டர் பத்து நிமிஷத்தில் வந்தார். வலது நுரையீரலில் நிமோனியா. விஷம் இரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது. அந்த இரவே கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். மூச்சுத் திணறிக் கொண்டிருந்தவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் அவர் தூங்கியிருப்பார். காலையில் எழுந்திருப்பாரா என்பதுதான் கேள்வி. தகப்பனார் அதன்பின் ஐந்து வருஷம் ஜீவித்திருந்து, பேத்தியின் கல்யாணத்தில் பந்தி விசாரித்துவிட்டுத்தான் போனார்.

இதில் நடந்தது என்ன என்று நிதானமாக யோசித்தால் ஒரு பாடமே எழுதலாம். வயது முதிர்ந்தவர்களின் தேகம் கிருமியை எதிர்க்கும்போது ஜுரம் காயாமலேயே இருந்துவிடக்கூடும். அதற்குப் பதில் மூளை முதலில் தடுமாறும். திடீரென்று ஏற்பட்ட மனக்குழப்பம் "வயசாயிற்று" என்பதற்கு அடையாளமல்ல. வேறெங்கோ நெருப்புப் பற்றியிருக்கிறது என்பதற்கு அடையாளம். இங்கிலாந்தில் ராயல் வைத்தியர் கல்லூரியார் 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை அட்டவணை வகுத்தார்கள். மூச்சு, ஆக்ஸிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவுத் தெளிவு, உஷ்ணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மார்க்குப் போட்டுக் கூட்ட வேண்டும். மார்க்குக் கூடக்கூட ஆபத்து. 7 வந்தாலே உடனடியாக டாக்டர் வரவேண்டும். 2017-இல் அதைத் திருத்தியபோது புதிதாகத் தோன்றிய குழப்பத்துக்கும் 3 மார்க்குச் சேர்த்தார்கள். நம் தகப்பனாரின் எண்களை அதில் போட்டுப் பார்த்தோம். மூச்சுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 3, நாடிக்கு 2, குழப்பத்துக்கு 3, ஆக 11. தர்மாமீட்டருக்குக் கிடைத்தது பூஜ்யம். வீடுகளில் நாம் எல்லோரும் நம்பியிருக்கும் கருவி அது ஒன்றுதான்!

அந்த அம்மாள் டெலிபோனில் பேசிய முறையும் தற்செயலானதல்ல. இப்போது என்ன நடக்கிறது, இதற்குமுன் என்ன நடந்தது, என் அபிப்பிராயம் என்ன, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படியாகச் சொல்லும் அந்த முறை, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்திலிருந்து பின்னர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. "எனக்குப் பயமாயிருக்கிறது, டாக்டர்" என்று சொல்லியிருந்தால் மாத்திரைதான் வந்திருக்கும். எண்களோடு சொன்னதால் டாக்டரே வந்தார்.

இனி மற்றொரு கட்டிலுக்கு வருவோம். நம் தமக்கை மகளின் பெண் குழந்தை. 2022-இல் அதற்கு ஐந்து மாதம். சளி என்று ஆரம்பித்து, நுரையீரலின் நுண்ணிய மூச்சுக் குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோயாக முற்றியது. குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். மூச்சு நிமிஷத்துக்கு 68. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு, சிசுக்களுக்கு இயல்பாகவே வேகமாய் ஓடும். ஆகையால் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வயதுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரையில் 50, ஐந்து வயது வரையில் 40. அதைத் தொட்டால் வேகமான மூச்சு என்று கொள்ள வேண்டும். நம் தகப்பனாருக்கு அபாயமாயிருந்த 26 என்ற எண், இந்தக் குழந்தைக்கு வந்தால் அது வேறு அர்த்தம். பெரியவர்களைச் சுருக்கிச் செய்த பொம்மையல்ல குழந்தை என்பதை அங்கேதான் நன்றாக உணர்ந்தோம்.

முதல் நாள் முழுவதும் குழந்தை வீறிட்டு அழுதது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது, மூக்கு விடைத்தது. இரண்டாம் நாள் பின்னிரவில் அழுகை நின்றது. மூச்சு 68-லிருந்து 38-க்கு இறங்கியது. பாட்டி, "மாரியம்மா, கண் திறந்தாயே!" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். பார்க்கப் போனால் எண் எல்லைக்குள் வந்துவிட்டது. முன் சொன்ன கிழவர் கதையின்படி எண்ணையே நம்புவதாயிருந்தால் நாமும் காசு முடிய வேண்டியதுதான்.

அப்போது டியூட்டியிலிருந்த நர்ஸுக்கு வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவர் குழந்தையின் அம்மாவிடம், "பாப்பா கடைசியாக எப்போது பால் குடித்தது, அம்மா? ராத்திரி துணி எத்தனை தடவை நனைந்தது?" என்று கேட்டார். குழந்தையின் மார்பெலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி சிவக்க வேண்டும். இரண்டு விநாடிக்குள் சிவந்தால் இரத்த ஓட்டம் சரி. அவர் வாய்க்குள்ளேயே நான்கு வரை எண்ணினார். உள்ளங்காலை நிமிண்டினார், குழந்தை முனகிற்றேயொழிய அழவில்லை. மூச்சுக்கு நடுவே சற்று இடைவெளி விழுந்தது. அவர் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜனோடு நேரே தீவிர சிகிச்சை அறைக்கு நடந்தார். நடந்தபடியே டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

"நல்லாத்தானே தூங்கினாள், சிஸ்டர்!" என்று பாட்டி அழுதாள். "தூங்கலை, பாட்டி. மூச்சு வாங்கி வாங்கிக் களைத்துப் போயிட்டா" என்றார் அவர்.

எண் குறைந்தது குணத்தினால் அல்ல, களைப்பினால். குழந்தைகளின் தேகம் ஓர் அளவுவரை பிரமாதமாகச் சமாளிக்கும். இதயம் வேகமாக அடித்து, இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் நிறுத்தி வைக்கும். பிறகு ஒரே வழியாகச் சரியும். குழந்தையின் இரத்த அழுத்தம் இறங்கும்வரை காத்திருப்பவர் காலதாமதம் செய்தவராகிறார். கருவி நல்ல சேதி சொல்லிக் கொண்டிருக்கும்போதே, பால் குடிக்கிறதா, முகம் பார்க்கிறதா, தொட்டால் சிணுங்குகிறதா, துணி நனைகிறதா என்ற சாமானிய விஷயங்கள் கெட்ட சேதியைச் சொல்லத் தொடங்கியிருக்கும். வகுப்பறையிலும் இப்படித்தான். கூச்சல் போடும் பையனைப் பற்றி நமக்குக் கவலை குறைவு. நேற்று வரை கூச்சல் போட்டவன் இன்று கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் மனம் திக்கென்கிறது. நம் குழந்தை ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பியது. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறது. பாட்டி முடிந்த காசும் சமயபுரம் போய்ச் சேர்ந்தது.

இவ்விரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. முதலில் தோற்றம் ஏமாற்றியது; எண் காப்பாற்றியது. இரண்டாவதில் எண் ஏமாற்றியது. தோற்றத்தைப் படித்த கண் காப்பாற்றியது. எதை நம்புவது? இதை நாம் தகப்பனாரின் வார்டு நர்ஸம்மாவிடமே பின்னொரு நாள் கேட்டோம். "முதலில் எனக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றும், ஸார். தோன்றினதும் எண்ணிப் பார்ப்பேன்" என்றார். அவர் மூச்சை எண்ணுவதைச் சொன்னார். நமக்கோ தமிழின் அழகு தோன்றியது. நினைப்பதற்கும் கணக்கிடுவதற்கும் நம் முன்னோர் "எண்ணுதல்" என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். கட்டிலருகே அவ்விரண்டும் ஒன்றாக நடந்தால்தான் நோயாளி பிழைக்கிறார்.

இந்தத் திறமை பிறவியில் வருவதல்ல. படிப்பினாலும் பழக்கத்தினாலும் வருவது. அமெரிக்காவில் பட்ரீஷியா பென்னர் என்ற நர்ஸிங் பேராசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில், புதிதாக வந்தவரிலிருந்து தேர்ந்தவர் வரை ஐந்து படிகள் உண்டு என்று விளக்கினார். முதற்படியில் இருப்பவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஐந்தாம் படியில் இருப்பவர் கட்டிலைப் பார்த்ததுமே நிலைமை முழுவதையும் பிடித்துவிடுவார். நாமும் முதல் வருஷத்தில் பாடக் குறிப்பை ஒரு வரி விடாமல் ஒப்பித்தவர்கள். ஆகையால் இது புதிதாகத் தோன்றவில்லை. கிறிஸ்டின் டானர் என்ற மற்றொரு பேராசிரியர் 2006-இல் இந்தத் தீர்மான சக்தியை நான்கு செயல்களாகப் பிரித்தார்: கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல். அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க விரும்புகிறவர்கள் தேற வேண்டிய லைசென்ஸ் பரீட்சையும் 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் இந்தத் தீர்மான சக்தியையே சோதிக்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பெண்களும் அதை எழுதித் தேறிக் கப்பலேறுகிறார்கள், மன்னிக்கவும், விமானமேறுகிறார்கள்.

ஆனால் தேர்ந்தவருக்கும் தவறும். களைப்பில் கண் மங்கும். "இது வழக்கமானதுதான்" என்ற பழக்கமே திரை போடும். ஆகவேதான் அட்டவணைகள் வேண்டியிருக்கின்றன. நோவைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காக 1997-இல் ஓர் அளவுகோல் வந்தது. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் பூஜ்யம் முதல் 2 வரை மார்க்குப் போட்டு, பத்துக்கு எத்தனை நோவு என்று அளக்கிறார்கள். மருந்தின் அளவும் அப்படியே. குழந்தைகளுக்கு எடை பார்த்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் மருந்து பத்து மடங்காகும். எழுதியவர் பெரிய டாக்டராயினும், "இந்தக் குழந்தையின் எடைக்கு இது சரியா?" என்று கேட்டு நிறுத்தும் நர்ஸ் மரியாதைக் குறைவாக நடந்துகொள்வதில்லை; தம் கடமையைச் செய்கிறார்.

எண்ணுவதற்கு நேரமும் வேண்டும். 28 கட்டில்களில் ஒவ்வொருவர் மூச்சையும் ஒரு நிமிஷம் எண்ணினால் அதற்கே 28 நிமிஷமாயிற்று. இருவர் இருக்கும் வார்டில், ஒருவர் ஊசி போட, மற்றொருவர் சீட்டு எழுத, மூச்சை யார் எண்ணுவது? முக்கியமான அளவுகளில் உலகெங்கும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது மூச்சின் எண்ணிக்கைதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும் ஐரோப்பாவில் ஒன்பது தேசங்களின் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு நெஞ்சில் பதிய வேண்டியது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளைக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். பட்டம் பெற்ற நர்ஸுகளின் விகிதம் பத்துச் சதவீதம் கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறதாம். ஆஸ்பத்திரி வாசலில் சலவைக்கல் பதித்திருக்கிறதா, மேல்மாடியில் புதிய யந்திரம் வந்திருக்கிறதா என்று பார்க்கிற நாம், "இரவில் இந்த வார்டில் எத்தனை நர்ஸுகள்?" என்று விசாரிப்பதுண்டா?

சென்ற வருஷம் நம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்த பெண்ணின் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். பெண் நர்ஸிங் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "டாக்டருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. அதற்காக நர்ஸா, ஸார்? ராத்திரி டூட்டி, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? இவ்வளவு மூளையுள்ள பெண் பெட்பான் தூக்குவதா?" என்றார். அவர் கெட்டவரல்ல, ஊர் வாயைக் கேட்டு வளர்ந்தவர்.

நாம் உபதேசம் செய்யவில்லை. 1946-ஆம் வருஷத்திலேயே வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங்கைச் சர்வகலாசாலைப் பட்டப் படிப்பாக ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைச் சொன்னோம். பிறகு பதினேழாம் நம்பர் கட்டிலின் கதையையும், அழுகை நின்ற குழந்தையின் கதையையும் சொன்னோம். "இந்த இரண்டு இடத்திலும் மூளையில்லாதவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டோம். அவர் வெகு நேரம் பேசாதிருந்தார். "அப்போ, இதுவும் கண்டுபிடிக்கிற வேலைதானா, ஸார்?" என்றார் கடைசியில். பெண் சேர்ந்துவிட்டாள். முதல் லீவில் வந்தபோது, உடல்கூறு சாஸ்திரப் புத்தகத்தின் கனத்தைப் பற்றிப் புகார் சொன்னாள்.

நேயர்கள் வீட்டில் யாருக்கேனும் ஆஸ்பத்திரி வாசம் நேரிடாதிருக்க வேண்டும். நேரிட்டால் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. நோயாளி நேற்று எப்படி இருந்தார் என்பது நர்ஸுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். "வழக்கமாக இப்படிப் பேசமாட்டார்", "இது இவளுடைய வழக்கமான அழுகையில்லை" என்று வீட்டார் சொல்லும் வார்த்தை, யந்திரம் காட்டும் எண்ணுக்குக் குறைந்ததல்ல. இங்கிலாந்தில் வீட்டாரின் அச்சத்தைக் கேளாததால் ஒரு சிறுமியின் உயிர் போயிற்று. அவள் பெயரால் 2024 முதல் "மார்த்தா விதி" என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளி மோசமாகிறார் என்று குடும்பத்தார் கவலைப்பட்டால், வேறொரு வைத்தியக் குழு வந்து பார்க்கும்படி அவர்களே கோரலாம். நம் ஊரில் விதி இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. குழந்தை குடித்த பால், நனைந்த துணி, பெரியவர் சாப்பிட்ட கவளம், போன சிறுநீர் இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் மணியோடு குறித்து வையுங்கள். நர்ஸ் கட்டிலருகே கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா நிற்பதாகத் தோன்றினால், அந்த ஒரு நிமிஷம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாட்டில் மாற்றும்படி கூவாதீர்கள். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வீடு திரும்பும்போது டாக்டருக்குப் பழத் தட்டு எடுத்துப் போகிறோம்; நல்ல வழக்கம். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதலாம். இன்ன இரவில், இன்ன நர்ஸ், இன்னதைக் கவனித்து, இன்னது செய்தார். அதனால் எங்கள் வீட்டு மனிதர் பிழைத்தார். அவர் பொறுப்பில் இத்தனை கட்டில்கள் இருந்தன, இது அதிகம் என்று பெயரும் எண்ணும் போட்டு எழுதுங்கள். 2018-இல் நாம் அப்படி ஒரு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்குத் தகப்பனாரை அழைத்துச் சென்றபோது, வார்டின் அறிவிப்புப் பலகையில் அது குத்தியிருந்தது. தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்து, தேதியில் ஒரு பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.